குழாய் விசாரணையின் யோக்கியதை

சுருளிப்பட்டியிலும் அதனை அடுத்த கம்பம் பள்ளத்தாக்குக் கிராமங்களிலும் உள்ள தோழர்கள் சிலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றார்கள். "கெயில் குழாய், எரிவாயுக் குழாய் என்று கொங்கு நாட்டு விவசாயிகள் வருஷக் கணக்காகக் கூப்பாடு போட்டார்கள். அது கோயமுத்தூர், சேலம், தர்மபுரிப் பக்கத்துச் சங்கதி. திராட்சைப் பந்தலும் வாழையும் நெல்லுமாய் இருக்கின்ற நமக்கு அதனால் வந்த நஷ்டமென்ன?" என்பதே அக்கேள்வி.

குழாய் எந்த ஊரில் புதைக்கப்பட்டது என்பது இங்கு முக்கியமல்ல. எந்தச் சட்டத்தைக் கொண்டு, யாருடைய சம்மதத்தைக் கேட்டு, எப்பேர்ப்பட்ட விசாரணை நடத்திப் புதைக்கப்பட்டது என்பதுதான் முக்கியம். அந்தச் சட்டம் கோயமுத்தூருக்கு ஒன்று, சுருளிப்பட்டிக்கு வேறொன்று என்று இருக்கவில்லை. சுருளிப்பட்டித் தோட்டங்களில் அந்தக் குழாய் புதைக்கப்படவில்லை என்பது வாஸ்தவம். நாளைக்கே வந்துவிடும் என்று பயங்காட்டுவதும் நமது நோக்கமல்ல. ஆனால் வருவதென்று டில்லியில் உட்கார்ந்து ஒருவர் தீர்மானித்து விட்டால், அதைத் தடுக்கவோ, நகர்த்தவோ, காரணம் கேட்கவோ நமக்கு என்ன உரிமை இருக்கின்றது என்பதை முன்கூட்டியே தெரிந்து கொள்ள வேண்டாமா என்றுதான் கேட்கின்றோம். எண்ணூரில் 2019-ல் துவக்கப்பட்ட எரிவாயு இறக்குமதி நிலையத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் இந்தியன் ஆயில் கம்பெனி போடுகின்ற குழாய்த் திட்டம், மதுரையின் பெயரையும் தன் பெயரோடு சேர்த்து வைத்துக்கொண்டிருக்கின்றது. மதுரைக்கும் சுருளிப்பட்டிக்கும் வானத்துக்கும் பூமிக்குமான தூரமல்ல.

மேலே போகுமுன் ஒன்று சொல்லி விடுகின்றோம். நாம் விஞ்ஞானத்துக்கோ எரிவாயுவுக்கோ விரோதிகளல்ல. தலைமுறை தலைமுறையாக விறகடுப்பை ஊதி ஊதிக் கண்ணையும் நெஞ்சையும் கெடுத்துக்கொண்ட நம் பெண்களுக்கு, குழாயைத் திருகினால் நெருப்பு வருகின்ற சௌகரியத்தைக் கொடுப்பதை யார்தான் வேண்டாமென்பார்கள்? நிலக்கரியைவிட இதில் புகையும் சாம்பலும் குறைவு என்பதும் உண்மையே. ஆகவே குழாய் கூடாது என்பது நம் கட்சியல்ல. குழாய் போடுவதற்கு முன் நடத்துவதாகச் சொல்லப்படுகின்ற விசாரணை, விசாரணை என்கின்ற பெயருக்கு யோக்கியதை உடையதுதானா என்பதே நம் கேள்வி.

கொங்கு நாட்டில் நடந்தது என்ன?

கொச்சியில் கப்பலில் வந்து இறங்குகின்ற எரிவாயுவைப் பெங்களூருக்கும் மங்களூருக்கும் கொண்டு போவதற்காக, மத்திய சர்க்காரைச் சேர்ந்த கெயில் கம்பெனி 871 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு குழாய்த் திட்டம் போட்டது. அதில் தமிழ்நாட்டுப் பங்கு சுமார் 310 கிலோமீட்டர். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆகிய 7 ஜில்லாக்களின் விளைநிலங்களுக்குள் புகுந்து போவதாக அந்த வழி வகுக்கப்பட்டது. வாளையாரிலிருந்து சேலத்துக்கும், சேலத்திலிருந்து கிருஷ்ணகிரிக்கும் அகலமான தேசிய நெடுஞ்சாலை போகின்றது. அதன் ஓரமாகக் கொண்டு போங்கள், எங்கள் தோட்டத்தை விட்டு விடுங்கள் என்பதுதான் விவசாயிகள் கேட்டதெல்லாம். குழாயே வேண்டாமென்று கூட அவர்கள் சொல்லவில்லை.

கிளர்ச்சி முற்றி, விஷயம் சென்னை ஐகோர்ட்டுக்குப் போய், 2013 மார்ச்சில் கோயமுத்தூரில் மாநில சர்க்கார் விவசாயிகளைக் கூப்பிட்டுக் குறை கேட்டது. அதே மாதம், அப்போதைய முதல் மந்திரி ஜெயலலிதா அவர்கள் சட்டசபையில், விளைநிலத்தை விட்டு நெடுஞ்சாலை ஓரமாகக் குழாயைக் கொண்டு போக வேண்டும், தோண்டிய நிலத்தைப் பழையபடி சரி செய்து கொடுக்க வேண்டும் என்று அறிவித்தார். கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 2013 நவம்பர் 25-ல் ஐகோர்ட் மாநில சர்க்காரின் உத்தரவை ரத்துச் செய்தது. 2016 பிப்ரவரி 2-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. பார்லிமெண்ட் செய்த சட்டத்தின் கீழ் நடக்கின்ற காரியத்தில் மாநில சர்க்கார் குறுக்கே வர அதிகாரமில்லை என்பதாக முடிந்தது.

இதன் அர்த்தத்தை வாசகர்கள் நன்றாக யோசிக்க வேண்டுகின்றோம். அந்த ஏழு ஜில்லா விவசாயிகளை நேரில் கூப்பிட்டு உட்கார வைத்து, என்ன கஷ்டம் என்று உருப்படியாகக் கேட்டது அந்தக் கோயமுத்தூர் விசாரணைதான். அந்த விசாரணைதான் செல்லாது என்று ஆகிவிட்டது! கேட்காதவன் உத்தரவு செல்லும், கேட்டவன் உத்தரவு செல்லாது என்றால், கேட்பது என்கின்ற காரியமே சட்டத்துக்கு வேண்டாத காரியம் என்றுதானே ஆகின்றது?

சட்டத்தின் லட்சணம்

இந்த அதிகாரமெல்லாம் 1962-ம் வருஷத்துப் பெட்ரோலியக் குழாய்ச் சட்டம் என்பதிலிருந்து வருகின்றது. நிலத்தின் உபயோக உரிமையை எடுத்துக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட சட்டம் அது. நிலத்தையல்ல, "உபயோக உரிமையை" மாத்திரம் எடுத்துக் கொள்கின்றார்களாம். பட்டா உன் பெயரிலேயே இருக்கும். வரி நீயே கட்டலாம். விற்கலாம் என்றும் சொல்வார்கள், வாங்குவதற்கு ஆள் கிடைத்தால்.

ஆனால் அந்தப் பட்டையில் நீ வீடு கட்டக்கூடாது, கிணறு தோண்டக்கூடாது, குளம் வெட்டக்கூடாது, மரம் நடக்கூடாது. இது சட்டத்தின் 9-வது பிரிவு. கொங்கு நாட்டில் அந்தப் பட்டையின் அகலம் 20 மீட்டர், அதாவது சுமார் 66 அடி. ஒரு ஏக்கர் சதுரமான நிலத்தின் குறுக்கே 66 அடி அகலத்துக்கு ஒரு கோடு போட்டால் ஏறக்குறைய 31 சென்ட் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு! அதுவும் ஓரமாகப் போகாமல் நடுவில் போனால், மீதி இரண்டு துண்டுகளும் இரண்டு அனாதைகள்.

இதற்கு என்ன கொடுக்கின்றார்கள்? பயிருக்கும் மரத்துக்கும் உண்டான சேதத்துக்கு நஷ்ட ஈடு தவிர, நிலத்துக்காக அதன் மார்க்கெட் மதிப்பில் 100-க்கு 10 பங்கு. அதாவது பத்து லட்ச ரூபாய் மதிப்புள்ள பட்டைக்கு ஒரு லட்ச ரூபாய். அந்த மதிப்பும், முதல் அறிவிப்பு வந்த தேதியில் இருந்த மதிப்பு. கிணறு தோண்ட முடியாத, தென்னை வைக்க முடியாத, வீடு கட்ட முடியாத நிலத்துக்கு மீதி 90 பங்கு மதிப்பு இருக்கின்றது என்று இவர்கள் எந்தச் சந்தையில் விசாரித்தார்களோ நமக்கு விளங்கவில்லை. அந்த 90 பங்கைக் கொடுத்து அதே நிலத்தை வாங்கிக்கொள்ள இந்தக் கம்பெனிக் கனவான்களில் ஒருவராவது சம்மதிப்பாரா?

இப்போது சுருளிப்பட்டித் தோழர்கள் தங்கள் தோட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். நம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள் என்று பெருமைப்பட்டுக் கொள்கின்றோம். அந்தத் திராட்சை வெறுந்தரையில் விளைவதல்ல. தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு, வருஷந்தோறும் கவாத்து வெட்டி வளர்ப்பது. பந்தலின் நடுவே 66 அடியைப் பிய்த்தெடுத்தால், மீதிப் பந்தல் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? தூண் நடுவது கட்டடமா அல்லவா, கொடி மரமா அல்லவா என்று தீர்மானிக்கப் போகின்றவர் யார்? வரப்பில் தென்னை, ஓரத்தில் கிணறு, நடுவில் பந்தல் என்று இருக்கின்ற சின்னச் சின்னத் தோட்டக்காரனுக்கு, 31 சென்ட் என்பது காகிதத்தில் ஒரு கோடு. வீட்டில் ஒரு மகளின் படிப்பு.

மூன்று விசாரணைகள்

இவ்வளவு பெரிய அதிகாரம் கொடுத்திருக்கின்றார்களே, அதற்குத் தக்க பரிசீலனை இராதா என்று கேட்கலாம். இருக்கின்றது. ஒன்றல்ல, மூன்று இருக்கின்றன. மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

முதலாவது, பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். இது 2006-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்டது. புதிதாகக் குழாய் போடுவதற்கும், போட்டதை நீட்டிப் பெருக்குவதற்கும் இதன் அனுமதி வேண்டும். இது பார்ப்பதெல்லாம் எவ்வளவு வாயு போகும், என்ன கட்டணம் வாங்கலாம், எந்தக் கம்பெனிக்கு உரிமை கொடுக்கலாம் என்பவைகளே. குழாயின் கனம், அழுத்தம் முதலியவைகளுக்குப் பாதுகாப்பு விதிகளும் வகுக்கின்றது, அது நல்லதுதான். ஆனால் வாயுவை விற்கின்றவன், வாங்குகின்றவன், சுமந்து போகின்றவன் ஆகிய மூன்று பேருடைய கணக்கைப் பார்க்கின்ற இந்த வாரியத்தின் தராசில், யாருடைய நிலத்தின் மேல் சுமந்து போகின்றார்களோ அவனுக்குத் தட்டு இல்லை.

இரண்டாவது, சுற்றுச்சூழல் பரிசீலனை. இதுதான் வேடிக்கையிலும் வேடிக்கை. 2006-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, எரிவாயுக் குழாய் ஒன்று தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை போன்ற இடங்களின் வழியாகப் போனால் முன் அனுமதி வாங்க வேண்டும். மனிதர் உழுது பயிர் செய்கின்ற வயல் வழியாகப் போனால் வாங்க வேண்டியதில்லை! யானைக்கும் மானுக்கும் பவளப்பூச்சிக்கும் பரிசீலனை உண்டு. அது வேண்டியதுதான், அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் விவசாயி யானையாகப் பிறக்காத குற்றத்துக்காக அவனுக்குப் பொது விசாரணை கிடையாது என்பது எந்த விதத்தில் நியாயமாகும்?

மூன்றாவது, 1962-ம் வருஷத்துச் சட்டத்தில் உள்ள ஆட்சேபணை விசாரணை. அரசிதழில் அறிவிப்பு வந்தபின் 21 நாட்களுக்குள் ஆட்சேபணையை எழுத்து மூலம் கொடுக்க வேண்டும். "தகுந்த அதிகாரி" என்று மத்திய சர்க்கார் நியமிக்கின்ற ஒருவர் அதைக் கேட்பார். அவர் சொன்னதே முடிவு. மேலே அப்பீல் என்பதாகச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. இந்தத் தகுந்த அதிகாரி எதற்குத் தகுந்தவராக இருக்க வேண்டும் என்பதையும் சட்டம் சொல்லவில்லை. 2016 அக்டோபரில் ஒரு குஜராத் வழக்கில், சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன சுப்ரீம் கோர்ட்டே, அவர் சப் ஜட்ஜுக்குக் குறையாத நீதிப் பதவி வகிப்பவராகவோ வகித்தவராகவோ அல்லது சட்டப் பயிற்சி உள்ளவராகவோ இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. அதாவது சட்டம் வந்து 54 வருஷம் கழித்துத்தான், தீர்ப்புச் சொல்கின்றவருக்குச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும் என்பது கண்டுபிடிக்கப்பட்டது!

ஆகவே மூன்றையும் கூட்டிப் பார்த்தால் என்ன தெரிகின்றது? வாரியம், நிலம் எங்கள் வேலையல்ல என்கின்றது. சுற்றுச்சூழல் இலாகா, வயல் எங்கள் வேலையல்ல என்கின்றது. தகுந்த அதிகாரி, குழாய் வேண்டுமா வேண்டாமா, அந்த வழியா இந்த வழியா என்பது மேலே முடிந்துபோன சங்கதி என்கின்றார். மூன்று கதவு வைத்த வீடு. மூன்றும் உள்ளே தாழ்ப்பாள். இதைத்தான் "முறையான பரிசீலனைக்குப் பின்" என்று எழுதிக் கொள்கின்றார்கள். கலியாணத்தில் பெண்ணின் சம்மதத்தைக் கேட்காமல் புரோகிதர் தனக்குத்தானே புரியாத மந்திரத்தைச் சொல்லி முடித்து, சாஸ்திரோக்தமாக நடந்தது என்பதற்கும் இதற்கும் நமக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பழைய காலத்தில் மனு எழுதி வைத்ததைக் காட்டி நம்மை அடக்கினார்கள். இந்தக் காலத்தில் நம்மையே மனு எழுதச் சொல்லி அடக்குகின்றார்கள். அதில் வாய் திறக்க உரிமையில்லை. இதில் வாய் திறந்தும் பயனில்லை.

மற்றச் சட்டங்களாவது காப்பாற்றுமா? 2013-ல் நிலம் எடுப்பதற்குப் புதிய சட்டம் வந்தது. சமூகத்துக்கு என்ன பாதிப்பு என்று ஆராய வேண்டும், ஜனங்களைக் கேட்க வேண்டும் என்று அதில் எழுதினார்கள். எழுதிய கையோடு, அதன் 4-வது அட்டவணையில் 13 சட்டங்களைத் தனியே ஒதுக்கி வைத்தார்கள். அந்தப் பதின்மூன்றில் 1962-ம் வருஷத்துக் குழாய்ச் சட்டமும் ஒன்று. 2020-ல் தமிழ்நாட்டுச் சட்டசபை காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் செய்தது. அதிலும் துறைமுகம், ரோடு முதலிய கட்டுமானங்களோடு குழாய்களுக்கும் விதிவிலக்குக் கொடுத்தாயிற்று. பாதுகாக்கப்பட்ட மண்டலத்துக்கே அந்தக் கதியென்றால், அந்த மண்டலத்திலேயே சேராத கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

மற்றோர் தேசத்தைப் பாருங்கள்

எல்லா தேசத்திலும் இப்படித்தானே என்று சில கனவான்கள் சொல்லக்கூடும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலிருந்து நியூயார்க் மாகாணத்துக்குச் சுமார் 200 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு எரிவாயுக் குழாய்க்கு மத்தியக் கமிஷன் 2014-ல் அனுமதி கொடுத்தது. ஆனால் அந்த நாட்டுத் தண்ணீர்ச் சட்டத்தின்படி, ஓடைகளும் ஆறுகளும் கெடாது என்று மாகாண சர்க்காரும் சர்டிபிகேட் கொடுக்க வேண்டும். 2016 ஏப்ரலில் நியூயார்க் அதை மறுத்து விட்டது. 2020-ல் கம்பெனி திட்டத்தையே கைவிட்டது. 2025-ல் மறுபடியும் எழுப்பப் பார்த்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுகின்றோம். முதலாளிகள் எங்கும் முதலாளிகளே. ஆனால் கவனிக்க வேண்டியது, தமிழ்நாட்டுக்கு வாயை மூடு என்று 2016 பிப்ரவரியில் சொல்லப்பட்டது. அதே வருஷம் ஏப்ரலில் நியூயார்க் வாயைத் திறந்து முடியாது என்று சொல்ல முடிந்தது. அங்கு மாகாணத்துக்கு ஒரு சாவியாவது கையில் இருக்கின்றது.

உயிர்ச் சேதம்

இது வெறும் நிலச் சண்டை, பணச் சண்டை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2014 ஜூன் 27-ல் ஆந்திராவில், அப்போதைய கிழக்கு கோதாவரி ஜில்லாவைச் சேர்ந்த நகரம் என்னும் கிராமத்தில், இதே கம்பெனியின் குழாய் விடியற்காலையில் வெடித்துத் தீப்பிடித்தது. தூங்கிக் கொண்டிருந்தவர்களும் விழித்து எழுந்தவர்களுமாக இருபதுக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டார்கள். காய்ந்த வாயு போவதற்கென்று போட்ட குழாயில் ஈரமான வாயுவை விட்டதால், உட்புறம் அரித்துப் போய்விட்டது என்பது பின்னால் நடந்த விசாரணையில் வெளிவந்தது. 20 பிணம் விழுந்த பிறகு நடக்கின்ற விசாரணையில் வருகின்ற உண்மை, குழாய் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் செய்கின்ற பரிசீலனையில் ஏன் வரவில்லை?

அமெரிக்காவிலும் 2010 செப்டம்பர் 9-ல் கலிபோர்னியாவில் சான் புரூனோ என்னும் ஊரில் ஒரு எரிவாயுக் குழாய் வெடித்து 8 பேர் இறந்தார்கள். 38 வீடுகள் அழிந்தன. கம்பெனி ரிக்கார்டில் அந்த இடத்தில் இருந்தது தையலில்லாத குழாய் என்று எழுதியிருந்தது. தோண்டிப் பார்த்தால் தையல் போட்டு ஒட்டிய குழாய்! காகிதத்தில் ஒன்று, மண்ணுக்குள் ஒன்று. அந்த மாகாணத்துக் கமிஷன் 2015-ல் கம்பெனிக்கு 160 கோடி டாலர் தண்டனை போட்டது. காகிதத்தை மாத்திரம் பார்த்துப் பரிசீலனை முடிந்தது என்று கையெழுத்துப் போடுவதன் விலை இதுவேயாகும்.

நெடுஞ்சாலை ஓரமாக ஏன் கொண்டு போகக் கூடாது என்பதற்கு, ரோடு அகலப்படுத்தும்போது தொல்லை, போக்குவரத்துக்கு ஆபத்து என்று சமாதானம் சொல்லப்பட்டது. நல்லது. ரோட்டில் இரண்டு நிமிஷத்தில் கடந்து போகின்ற மோட்டார்க்காரனுக்கு ஆபத்து என்றால், அந்தக் குழாயின் பக்கத்திலேயே பிறந்து, உழுது, படுத்து, சாகின்றவனுக்கு ஆபத்தில்லையா? ஆபத்து உண்டு என்றால் வயலில் ஏன் போடுகின்றாய்? ஆபத்து இல்லை என்றால் ரோட்டோரம் ஏன் போடக்கூடாது? இரண்டில் ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் தேச முன்னேற்றம் என்று கத்துவது பதிலாகாது.

அன்றியும், தடுக்கின்றவர்களை மாத்திரம் சட்டம் நன்றாக ஞாபகம் வைத்திருக்கின்றது. 2011-ல் திருத்தம் செய்து, குழாயைச் சேதப்படுத்துகின்றவனுக்கு 3 வருஷத்துக்குக் குறையாமல் 10 வருஷம் வரை கடுங்காவல் என்று வைத்தார்கள். சேதம் செய்கின்றவனைத் தண்டிக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அந்த மாதிரியே, நஷ்ட ஈட்டையும் 10 பங்கிலிருந்து உயர்த்தலாம் என்று அதே வருஷத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லையே, ஏன்? 2017 நவம்பரில் கேரளத்தில் முக்கம் பக்கத்தில் ஜனங்கள் கிளம்பிய பிறகு அந்த மாகாண சர்க்கார் நஷ்ட ஈட்டை உயர்த்திக் கொடுத்தது. ஆக, உயர்த்த முடியாது என்பதல்ல. கேட்டால்தான் உயரும் என்பதே சங்கதி. இங்கோ, 2022 ஏப்ரலில் தர்மபுரி ஜில்லாவில் குழாய்க்கு அளவெடுத்துக் கொண்டிருந்த சமயத்தில், ஒரு விவசாயி தன் உயிரையே மாய்த்துக் கொண்டார். ஒரு மனிதன் சாவதற்கு முன் அவனைக் கேட்பதற்கு ஒரு நாற்காலியும் ஒரு மேஜையும் இந்தச் சட்டத்தால் போட முடியாமற் போயிற்று.

நம் பள்ளத்தாக்கின் அனுபவம்

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு இந்தப் பரிசீலனை நாடகம் புதிதல்ல. பொட்டிப்புரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வைப்பதற்கு 2011-ல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். மதிகெட்டான் சோலைத் தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் இருக்கின்றது, மதிப்பீடு செய்த ஸ்தாபனம் அதற்குரிய அங்கீகாரம் பெற்றதல்ல என்ற காரணங்களால் 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் அந்த அனுமதியை நிறுத்தி வைத்தது. மறு வருஷம் மார்ச்சில் மத்திய சர்க்கார் அதே திட்டத்தைக் "கட்டடம் கட்டும் வேலை" என்ற வகுப்பில், விசேஷ விஷயமாக எடுத்துக்கொண்டு மறுபடியும் அனுமதி கொடுத்து விட்டது. மலையைக் குடைவது கட்டடம் கட்டுவது என்றால், பல்லைப் பிடுங்குவது பல் விளக்குவது ஆகும். ஆராய்ச்சி வேண்டுமா வேண்டாமா என்பது வேறு பேச்சு, விஞ்ஞானிகள் ஆராயட்டும். ஆனால் ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுப்பதிலேயே ஆராய்ச்சி இல்லையென்றால் என்ன செய்வது?

அதுபோலவே லோயர் கேம்பிலிருந்து மதுரைக்குக் குழாயில் குடிநீர் கொண்டு போகின்ற திட்டத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். மதுரை ஜனங்களுக்குத் தண்ணீர் கூடாது என்று 14,707 ஏக்கர் இருபோக நிலத்து விவசாயிகள் சொல்லவில்லை. ஆற்றிலேயே விடுங்கள், வைகை அணையிலிருந்து எடுத்துக் கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயோ, வாயுக் குழாயோ, முதலில் வழியைத் தீர்மானித்து விட்டுப் பிறகு ஜனங்களைச் சமாதானப்படுத்துவது என்பதே வழக்கமாகி விட்டது.

இவ்வளவும் சர்க்கார் மேல் சொன்னோம். நம்மவர்களையும் ஒன்று கேட்க வேண்டியிருக்கின்றது. ஆடி அமாவாசைக்குச் சுருளி அருவிக்கு ஆயிரக்கணக்காய் வந்து, செத்துப்போன பாட்டனுக்குப் பிண்டம் போட்டு, காசும் அரிசியும் கொடுத்து விட்டுப் போகின்றீர்களே, அந்தப் பாட்டன் விட்டுப்போன நிலத்தைப் பற்றிக் கிராமச் சாவடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினால் நின்று படிக்கின்றீர்களா? 21 நாள் கெடு என்பது 16-ம் நாள் காரியத்தைப் போல எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? பாட்டன் பசியாற வேண்டுமென்பதில் இருக்கின்ற அக்கறை, பேரன் பட்டினி கிடக்கக்கூடாது என்பதில் ஏன் இல்லை?

என்ன வேண்டும்?

நாம் கேட்பது அதிசயமான காரியம் ஒன்றுமில்லை.

முதலாவது, புதுக் குழாயானாலும் பழைய குழாயின் விஸ்தரிப்பானாலும், வழி முடிவாவதற்கு முன்பே, போகின்ற ஒவ்வொரு கிராமத்திலும் தமிழில், வரைபடத்தோடு, பொது விசாரணை நடத்தப்பட வேண்டும். விளைநிலத்துக்கு விதிவிலக்கு என்பது எடுபட வேண்டும்.

இரண்டாவது, ரோட்டோரம், புறம்போக்கு முதலிய மாற்று வழிகள் ஏன் தள்ளப்பட்டன என்பதற்குக் காரணம் எழுத்தில் வெளியிடப்பட வேண்டும். காரணம் சொல்லாத உத்தரவு வேத வாக்கே ஒழிய, நியாய வாக்கு ஆகாது.

மூன்றாவது, ஆட்சேபணையைக் கேட்பவர் நீதித்துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். அவர் தீர்ப்பின் மேல் அப்பீலும் வேண்டும். மாநில சர்க்காருக்கும், தண்ணீரையும் விவசாயத்தையும் முன்னிட்டு மறுக்கின்ற அதிகாரம் வேண்டும்.

நான்காவது, 100-க்கு 10 என்கின்ற 1962-ம் வருஷத்துக் கணக்குத் தொலைய வேண்டும். கிணறு, மரம், வீடு மூன்றையும் பறித்த நிலத்துக்கு, பறித்த உரிமைக்குத் தக்க விலை கொடுக்க வேண்டும். குழாய் ஓடுகின்ற காலமெல்லாம் கம்பெனிக்கு வருமானம் வருகின்றது. ஆகவே நிலத்துக்காரனுக்கும் வருஷா வருஷம் வாடகை வருவதே முறை.

ஐந்தாவது, குழாயின் பரிசோதனைக் கணக்கு வருஷந்தோறும் அந்தந்தக் கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். நகரம் கிராமத்தார் செத்துத் தெரிந்துகொண்டதை, மற்றவர்கள் உயிரோடிருக்கும்போதே தெரிந்துகொள்ளட்டும்.

இவைகளில் எது தேச முன்னேற்றத்துக்கு விரோதம்? எது விஞ்ஞானத்துக்கு விரோதம்? கேட்டு, யோசித்து, காரணம் சொல்லிச் செய்வதுதான் விஞ்ஞானம். கேட்காமல், யோசிக்காமல், மேலே இருப்பவர் சொன்னார் என்று செய்வதற்கு வேறு பெயர் உண்டு. அதை நம் வாசகர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொங்கு நாட்டு விவசாயி தன் தோட்டத்துக்காகப் போராடினான். அவனைக் கோர்ட்டு வரைக்கும் கொண்டு போய்த் தோற்கடித்த சட்டம் அப்படியே இருக்கின்றது. சுருளிப்பட்டிக்காரன் அந்தச் சட்டத்தை அறிந்துகொள்ள வேண்டியது, குழாய் வருகின்ற அன்றைக்கா, அதற்கு முன்னேயா? வந்த பிறகு விழித்துக் கொண்டால் 21 நாள்தான் கையில் இருக்கும். அந்த 21 நாளும், யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று விசாரிப்பதிலேயே போய்விடும். ஆகவே இன்றைக்கே ஊர் கூடி, சட்டத்தைப் படித்து, உங்கள் பார்லிமெண்ட் மெம்பரையும் சட்டசபை மெம்பரையும் கூப்பிட்டு, இந்தச் சட்டத்தைத் திருத்த நீர் என்ன செய்தீர் என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்க வரும்போது வாசற்படி ஏறி வருகின்றவர்கள், குழாய் போட வரும்போது மாத்திரம் வாசற்படியில் நின்று கேட்க மாட்டோம் என்பதை எத்தனை நாள் பொறுத்துக்கொள்வது?